தாடி எண்ணெய் வாங்குவது எப்படி? பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

சூப்பர் மார்க்கெட்டில் ஆண்களுக்கான அலமாரிக்கு முன்னால் நின்று பாருங்கள். கறுப்பு டப்பா, தங்க நிற எழுத்து, சிங்கம், கோடாரி, முறுக்கு மீசை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு 30 மில்லி பாட்டில்களில் ஒன்றின் விலை மற்றதைவிட நாலு மடங்கு இருக்கும். உள்ளங்கையில் விட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது முன்பக்கத்தில் இருக்காது. பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டாவது அதைப் படித்துவிட வேண்டும்.

எதற்கு எண்ணெய், எதற்கு இல்லை

தாடி எண்ணெய் தாடியை வளர்க்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பாட்டில் விற்பதே இந்த ஆசையில்தான். கன்னத்தில் எத்தனை வேர்க்கால்கள் இருக்கின்றன, அவை ஆண் ஹார்மோனுக்கு எவ்வளவு இசைந்து கொடுக்கின்றன என்பதெல்லாம் பரம்பரையாக வருவது. இருபது வயதில் திட்டுத் திட்டாக இருக்கும் கன்னம் முப்பதை நெருங்கும்போது தானாக நிரம்புவதும் உண்டு. அந்த இடைவெளியில் கையில் எந்த பாட்டில் இருந்ததோ, பெருமை அதற்குப் போய்விடுகிறது.

ரோஸ்மேரி எண்ணெய் பற்றிய விளம்பரங்கள் 2015ல் வந்த ஓர் ஆய்வைப் பிடித்துக்கொண்டு பேசும். அது தலை வழுக்கைக்கு நடந்த ஆய்வு, தாடிக்கு அல்ல. ‘க்ரோத் சீரம்’ என்று வருபவற்றில் சிலவற்றில் மினாக்சிடில் இருக்கும். அது மருந்து. அமெரிக்காவில் 1988ல் தலைமுடிக்கென்று அனுமதி பெற்றது, தாடிக்கென்று பெறவில்லை. தோல் மருத்துவர்கள் தாடிக்கும் எழுதிக் கொடுப்பதுண்டு, ஆனால் அது அவர்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: மினாக்சிடில் பூனைக்குக் கொடிய விஷம். முகத்தில் தடவிக்கொண்டு பூனையைக் கொஞ்சக் கூடாது.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? தாடி முடி தலைமுடியைவிடத் தடிமன், முரடு. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை குறிப்பிட்ட அளவுதான். தாடி நீள நீள அது நுனி வரை எட்டாது. முடி வறண்டு சிக்காகும், அடியில் தோல் காய்ந்து அரிக்கும், வெள்ளைத் தூள் கொட்டும். இந்தக் குறையை ஈடுகட்டுவதுதான் எண்ணெயின் வேலை. நான் முடி வெட்டப் போகும் சலூன்காரர் இதை ஒரே வரியில் சொல்வார்: “தம்பி, எண்ணெயைத் தாடிக்குப் போடாதீங்க, தாடிக்குக் கீழ இருக்கிற தோலுக்குப் போடுங்க.”

படி 1: உங்கள் தோல் எந்த ரகம்?

இரவு சாதாரண ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். கன்னம் இழுத்துப் பிடித்தாற்போல இருந்தால் வறண்ட தோல். மூக்கோரமும் நெற்றியும் மினுமினுத்தால் எண்ணெய்த் தோல். இடையில் நிற்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து தாடியின் நீளம். ஒரு வார முள்தாடிக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு மூன்று சொட்டே அதிகம். இரண்டு அங்குலத்தைத் தாண்டிய தாடிக்குக் கொஞ்சம் கனமான எண்ணெய் தேவைப்படும், இல்லையென்றால் நுனி துடைப்பம் போல நிற்கும்.

கீழ்க்கண்டவை இருந்தால் எண்ணெய் வாங்கும் யோசனையையே தள்ளிப்போடுங்கள். காசு அளவில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது புழுவெட்டு. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடிவேரைத் தாக்குவதால் வருவது, எந்த எண்ணெய்க்கும் அடங்காது. வளையமாகச் சிவந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை இன்னும் பரப்பும். சிவந்த தோல் மேல் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான செதில் ஒட்டியிருந்தால் அது தாடியில் வந்த பொடுகு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் எண்ணெயை ஊற்றி ஊற்றிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மலசேசியா என்ற பூஞ்சை நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. அதன் சாப்பாடே கொழுப்பு அமிலங்கள்தான். குறிப்பாக 11 முதல் 24 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள். நாம் தடவும் தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் இந்த வகை. ஆக ‘வறட்சியால் உதிர்கிறது’ என்று நினைத்து எண்ணெய் போட்டால், பூஞ்சைக்கு விருந்து வைத்த கதை. கீட்டோகோனசோல் ஷாம்பு போன்ற சிகிச்சையை மருத்துவரிடம் கேட்டு முதலில் அதை அடக்குங்கள். பிறகும் ஏதாவது தடவியே ஆக வேண்டுமென்றால் ஸ்குவாலேன் (கொழுப்பு அமிலமே இல்லாத மெல்லிய எண்ணெய்) அல்லது காப்ரிலிக்-காப்ரிக் ட்ரைகிளிசரைடு என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். பின்னது தேங்காய் எண்ணெயிலிருந்து 8, 10 கார்பன் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்தது. குளிரில் உறையாது, பூஞ்சைக்கும் தீனியாகாது.

படி 2: அடிப்படை எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல தாடி எண்ணெயில் மூன்றே சமாச்சாரம்தான் இருக்கும்: அடிப்படை எண்ணெய், கொஞ்சம் வாசனை, எண்ணெய் கெடாமலிருக்க வைட்டமின் ஈ. தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் அடிப்படை எண்ணெயாகத்தான் இருக்கும் என்பதால் தரமும் விலையும் இதில்தான் நிற்கிறது.

ஜோஜோபா: மெக்சிகோ, அரிசோனா பாலைவனப் புதரின் விதையிலிருந்து வருவது. ராஜஸ்தானிலும் பயிரிடுகிறார்கள். பெயரளவில்தான் எண்ணெய், உண்மையில் திரவ மெழுகு. நம் தோலில் சுரக்கும் பசையில் ஏறத்தாழ கால்பங்கு இதே மெழுகு வகை என்பதால் தோலோடு ஒத்துப்போகிறது. பிசுபிசுக்காது, எளிதில் கெடாது. எண்ணெய்த் தோலுக்கும், நம் ஊர் வெயிலுக்கும் என் முதல் தேர்வு இதுதான்.

ஆர்கன்: மொராக்கோவில் மட்டுமே பெரிய அளவில் வளரும் மரத்தின் கொட்டையிலிருந்து வருவது. முடிக்குப் பளபளப்பு கொடுக்கும், வறண்ட தோலுக்கு நல்லது. விலை அதிகம் என்பதால் பெயருக்கு ஒரு துளி போட்டு விற்பதும் அதிகம்.

பாதாம்: நடுத்தரமானது. விலை கட்டுப்படியாகும், பெரும்பாலான தோலுக்கு ஒத்துக்கொள்ளும். கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் விலகி இருங்கள்.

திராட்சை விதை: மிக மெல்லியது. பூசிய சுவடே தெரியாது. ஆனால் லினோலிக் அமிலம் மிகுந்திருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும்.

விளக்கெண்ணெய்: தனியாகத் தடவினால் பசை மாதிரி ஒட்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்தால் நீளத் தாடி அடங்கி நிற்கும். முடியை அடர்த்தியாக வளர்க்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. முடியின் மேல் படிந்து தடிமனாகக் காட்டும், அவ்வளவே.

நம் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?’ நியாயமான கேள்விதான். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று 2003ல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அதைச் செய்யவில்லை. முடிக்கு அது அருமைதான். ஆனால் தாடிக்குக் கீழே இருப்பது முகத்தோல். பரு வரும் ரகமென்றால் துவாரத்தை அடைத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. பருவே வராத, வறண்ட தோல்காரர் என்றால் சமையலறை எண்ணெயே போதும், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் மார்கழிக் குளிரில்தான் கொஞ்சம் தொல்லை.

‘எந்த எண்ணெய் துவாரத்தை அடைக்கும்’ என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பட்டியல் இணையமெங்கும் சுற்றுகிறது. அந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி முயலின் காதில் தடவிப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து வந்தவை. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், வேதமாக அல்ல.

படி 3: பின்பக்க எழுத்தைப் படியுங்கள்

இந்தியாவில் 2020 அழகுசாதன விதிகளின்படி, உள்ளே இருக்கும் பொருட்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். இந்த ஒரு விதி தெரிந்தால் பல வேஷம் கலைந்துவிடும்.

பெயர்கள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம். சிம்மாண்ட்சியா சைனென்சிஸ் என்றால் ஜோஜோபா. ஆர்கானியா ஸ்பினோசா ஆர்கன். புருனஸ் அமிக்டலஸ் டல்சிஸ் பாதாம். வைட்டிஸ் வினிஃபெரா திராட்சை விதை. ரிசினஸ் கம்யூனிஸ் விளக்கெண்ணெய். கோகோஸ் நியூசிஃபெரா தேங்காய். டோக்கோஃபெரால் என்பது வைட்டமின் ஈ.

ஒரு மாதிரி லேபிளைப் பார்ப்போம். முன்பக்கத்தில் ‘மொராக்கோ ஆர்கன் பியர்ட் ஆயில்’. பின்பக்கத்தில் இப்படி: ‘லைட் லிக்விட் பாராஃபின், ஐசோப்ரொபைல் மிரிஸ்டேட், பாதாம் எண்ணெய், பர்ஃப்யூம், டோக்கோஃபெரில் அசிடேட், ஆர்கன் எண்ணெய்.’ வாசனைக்குப் பின்னால், வைட்டமினுக்கும் பின்னால் போய் ஆர்கன் நிற்கிறது. வாசனையும் வைட்டமினும் பொதுவாக ஒரு சதவீதத்தை ஒட்டியே சேர்க்கப்படும். ஆக ஆர்கன் ஒரு சதவீதம்கூடத் தேறாது. 30 மில்லி பாட்டிலில் சில சொட்டுகள். நீங்கள் வாங்குவது ஆர்கன் எண்ணெயை அல்ல, வாசனை போட்ட பாராஃபினை, அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் ஆயிலை.

பாராஃபின் விஷமா என்றால் இல்லை. சுத்திகரித்த பாராஃபின் தோலுக்குத் தீங்கு செய்யாது, ஈரம் ஆவியாகாமல் காக்கும், குழந்தைகளுக்கான எண்ணெய்களிலும் இருக்கிறது. பிரச்சினை விலைதான். அது மலிவான பொருள். 120 ரூபாய் பாட்டிலில் இருந்தால் சரி, 700 ரூபாய் பாட்டிலில் முதல் பெயராக இருந்தால் பாட்டிலை அலமாரியிலேயே வையுங்கள். ஐசோப்ரொபைல் மிரிஸ்டேட் வேறு கதை. எண்ணெயின் பிசுபிசுப்பைக் குறைக்கச் சேர்ப்பது, பரு வரும் தோலுக்கு அவ்வளவாக ஆகாது. சைக்ளோபென்டாசிலாக்சேன், டைமெத்திகோன் ஆகியவை சிலிக்கோன். முடியை உடனே வழவழவென்று காட்டும், தோலுக்கு ஊட்டம் எதுவும் தராது.

ஆயுர்வேத உரிமத்தில் வரும் எண்ணெய்களின் லேபிள் வேறு மாதிரி இருக்கும். ‘ஒவ்வொரு 10 மில்லியிலும்’ என்று தொடங்கி, கரிசலாங்கண்ணி 20 மி.கி., நெல்லி 20 மி.கி. என்று மூலிகை வரிசை நீண்டுகொண்டே போகும். கடைசியில் ‘அடிப்படை எண்ணெய் – கியூ.எஸ்.’ என்று இரண்டெழுத்தில் முடியும். ‘மீதி முழுவதும் இது’ என்று அதற்கு அர்த்தம். 10 மில்லி எண்ணெய் ஏறத்தாழ 9,000 மில்லிகிராம் எடை. அதில் 20 மி.கி. என்பது கால் சதவீதம்கூட இல்லை. இருபது மூலிகை எழுதியிருக்கிறதே என்று மயங்காமல், அந்தக் கியூ.எஸ். எந்த எண்ணெய் என்று பாருங்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று பெயர் சொல்லியிருந்தால் வாங்கலாம். பெயரே சொல்லாமல் விட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்பதைப் பெருமையாகப் போடுவார்கள். தண்ணீரே இல்லாத எண்ணெயில் கிருமி வளராது. அதற்குப் பிரிசர்வேட்டிவ் முதலிலேயே தேவையில்லை. ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், தண்ணீரும் கெமிக்கல்தான்.

தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதியாளர் முகவரியும் ஆர்.சி. என்று தொடங்கும் பதிவு எண்ணும். இன்ஸ்டாகிராமில் ‘வீட்டில் காய்ச்சியது’ என்று வரும் பாட்டில்களில் இவற்றில் ஒன்றுமே இல்லாமலிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பொருள் நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் முகம் வீங்கினால் யாரைப் போய்க் கேட்பது? ஒழுங்கான பில்லோடு வாங்கி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

படி 4: வாசனை

எரிச்சல், அரிப்பு, தடிப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடிப்படை எண்ணெயை அல்ல, வாசனையைத்தான். ‘பர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருட்கள் ஒளிந்திருக்கலாம். ஐரோப்பாவில் ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருட்களைத் தனித்தனியே பெயர் சொல்லி எழுத வேண்டும். 26 ஆக இருந்த அந்தப் பட்டியல் 2023ல் 80ஐத் தாண்டியது. லிமோனீன், லினலூல் என்று லேபிளின் வாலில் பார்ப்பது இவற்றைத்தான். இயற்கையான எசென்ஷியல் ஆயிலிலும் இதே பொருட்கள் உண்டு. காற்றுப் பட்டுப் பழசாக ஆக அவை தோலை இன்னும் உறுத்தும். அதனால் ‘இயற்கை வாசனை’ என்பது தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது.

முகத்துக்கு எசென்ஷியல் ஆயில் ஒரு சதவீதம் போதும். இரண்டைத் தாண்டக் கூடாது. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தால் அளவு மீறியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வாசனை மூக்குக்கு நேர் கீழே நாள் முழுக்க இருக்கப்போகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். புதினா எண்ணெய் ஜில்லென்று இருந்தால் ‘வேலை செய்கிறது’ என்று அர்த்தமில்லை. பெர்கமாட், செக்கில் பிழிந்த எலுமிச்சை எண்ணெய் போன்றவற்றில் வெயில் பட்டால் தோலைக் கறுக்கவும் புண்ணாக்கவும் செய்யும் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. பகலெல்லாம் பைக்கில் சுற்றுபவர்கள் ‘பெர்காப்டென் நீக்கியது’ என்று போட்டிருந்தால் மட்டும் வாங்கலாம்.

சந்தனத் தாடி எண்ணெய் நம் ஊரில் நன்றாக ஓடுகிறது. அசல் சந்தன எண்ணெய் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு, 200 ரூபாய் பாட்டிலில் இருப்பது சந்தன வாசனை மட்டுமே என்று சொல்லத் தேவையில்லை. அது தப்பில்லை, அசல் விலை கொடுக்காதவரை.

தோல் சட்டென்று சிவக்கும் ரகமென்றால் வாசனையே இல்லாததை வாங்குங்கள். அலமாரியில் கிடைப்பது அரிது, அதற்கு வழி கீழே சொல்கிறேன்.

படி 5: விலையும் பாட்டிலும்

விலையை மில்லிக்குப் போட்டுப் பாருங்கள். 30 மில்லி 450 ரூபாய் என்றால் மில்லிக்கு 15 ரூபாய். 50 மில்லி 600 ரூபாய் என்றால் மில்லிக்கு 12. ஒரு மில்லிக்குச் சுமார் 25 சொட்டு. தினம் ஐந்து சொட்டு என்றால் 30 மில்லி ஐந்து மாதம் வரும். அதனால் முதல் தடவை பெரிய பாட்டில் வேண்டவே வேண்டாம், பாதியில் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும்.

பழுப்புக் கண்ணாடி பாட்டில் நல்லது, வெளிச்சம் எண்ணெயைக் கெடுக்கும். கறுப்புப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் வேறு, கண்ணாடி வேறு, தட்டிப் பார்த்தால் தெரியும்.

படி 6: வீட்டில் சோதனை

முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு, காலையும் மாலையும், ஒரு வாரம். ஒவ்வாமை பல நேரம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால், ஒரே இரவில் ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதன் பிறகு தாடைக்குக் கீழே இரண்டு நாள், பிறகு முழு முகம்.

‘நூறு சதவீத ஜோஜோபா’ என்று வாங்கியிருந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு ஸ்பூன் எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் விட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஜோஜோபா பத்து டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும், ஃப்ரிட்ஜுக்குள் நாலைந்து டிகிரிதான் இருக்கும். காலையில் கட்டிப்பட்டு, கிண்ணத்தைச் சாய்த்தால் நகராமல் இருக்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடினால் பாதாமோ பாராஃபினோ வேறு எதுவோ கலந்திருக்கிறது. உறைந்தாலே சுத்தம் என்று உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது, தேங்காய் எண்ணெயும் உறையும். ஆனால் அது வெளியே எடுத்த பிறகும் அறையின் சூட்டில் கரைய அதிக நேரம் எடுக்கும்.

வீட்டிலேயே கலக்கலாமா?

தாராளமாக. ஜோஜோபா 15 மில்லி, பாதாம் 12 மில்லி, விளக்கெண்ணெய் 3 மில்லி, ஒரு வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்தது. முள்தாடிக்காரர்கள் விளக்கெண்ணெயை விட்டுவிட்டு ஜோஜோபாவைக் கூட்டிக்கொள்ளலாம். வாசனை வேண்டுமென்றால் செடார்வுட் அல்லது லாவெண்டர் எசென்ஷியல் ஆயில் ஆறு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். பாட்டில் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கண்டிப்பு. கறிவேப்பிலை, செம்பருத்தி, வெங்காயம் என்று பச்சையாகப் போட்டு ஊறவைக்காதீர்கள். அதிலுள்ள தண்ணீர் எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துவிடும். நம் பாட்டிமார்கள் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சியது இதற்காகத்தான்.

தடவுவதும் வைத்திருப்பதும்

குளித்துத் துவட்டி, தாடியில் லேசாக ஈரம் இருக்கும்போது உள்ளங்கையில் தேய்த்து, விரல் நுனியால் தோலைத் தொட்டுத் தடவுங்கள். மீதி கையில் ஒட்டியிருப்பதை முடி மேல் இழுத்துவிட்டு மரச்சீப்பால் வாருங்கள். தினமும் ஹெல்மெட் போடுபவர்கள், மே மாத வெயிலில் அலைபவர்கள் காலையில் பாதி அளவு போடுங்கள். மீதியை இரவில் முகம் கழுவிய பிறகு போடலாம். வாரம் இரண்டு முறை தாடியை ஷாம்பு போட்டுக் கழுவாவிட்டால், ரோட்டுப் புழுதியெல்லாம் எண்ணெயோடு சேர்ந்து அங்கேயே குடியேறிவிடும்.

பாட்டிலைக் குளியலறை ஜன்னலிலும் வண்டி டிக்கியிலும் வைக்காதீர்கள். பீரோவுக்குள் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், சொட்டுவிடும் மூடியின் ரப்பர் குமிழ் எண்ணெயில் ஊறினால் பிசினாகிவிடும். திறந்த தேதியைப் பேனாவால் அடியில் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை மோந்து பாருங்கள். பழைய முறுக்கு டப்பாவில் வருமே, அந்தச் சிக்கு வாடை வந்தால் தேதி மிச்சமிருந்தாலும் முகத்துக்கு ஆகாது. கிறீச்சிடும் கதவுக் கீல் ஏதாவது வீட்டில் இருக்கும், அதற்கு விடுங்கள்.